பெரட்டில் குரல் கொடுத்த பெட்டி

மடுல்சீமை மேல் பிரிவில் காலை பத்து இருபதுக்குக் கரண்ட் போனது.

அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்து ஜனங்கள் கரண்ட் போவதைப் பற்றிப் பேசுவதே இல்லை, வந்தால்தான் பேசுவார்கள். தேயிலைத் தொழிற்சாலை ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. எங்கோ ஒரு வானொலி பாட்டின் நடுவில் நின்றது. அதிசயம் அடுத்த நிமிடம் லூசியாவின் போன் வழியாக வந்தது.

“அக்கா, இங்க இன்னும் பச்சையாத்தான் ஈக்கிது,” என்றாள் ஜிப்னா, பதுளையிலிருந்து.

லூசியா, தொழிற்சாலைச் சுவரில் பொருத்தியிருந்த, தகடடித்து மூடிய இரும்புக் கூண்டைப் பார்த்தாள். சின்னராசா லூசியாவைப் பார்த்தான். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ரஜீவ் இருவரையும் பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

லூசியா பத்து வருடம் ஒரு தொலைபேசிக் கம்பனியில் கம்பத்துக்குக் கம்பம் ஏறி இறங்கியவள். மேலதிகாரி செய்த ஒரு தப்பை எழுத்தில் கேட்டாள். அவர்கள் இடமாற்றம் கொடுத்தார்கள், அவள் ராஜினாமா கொடுத்தாள். இப்போது பதுளையில் ஒரு பல் வைத்தியருக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். கீழே பல் பிடுங்குகிற சத்தம் கேட்டால் மேலே வந்தவர்கள் உண்மையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறார்கள் என்பது அவளுடைய உதவியாளன் சின்னராசாவின் கண்டுபிடிப்பு. சின்னராசாவுக்கு நாற்பத்தைந்து வயது. சொந்தமாக ஓர் ஆட்டோவும் சொந்தமாக ஒரு வாயும் உண்டு. ஆட்டோ அவ்வப்போது நிற்கும்.

ஆனால் அன்று காலையிலிருந்து அவன் வாய் ஓயாததற்குக் காரணம் வேடிக்கை அல்ல, பயம். அவன் பிறந்தது இதே மேல் பிரிவு லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில். அவனுடைய அக்கா வேலாயி இன்னும் இங்கேதான் கொழுந்து எடுக்கிறாள்.

விஷயம் இதுதான். தோட்டக் கம்பனி, மண் சரியக்கூடிய பதினொரு தோட்டங்களில் சைரன் வைத்திருந்தது. மேட்டில் ஒரு மழைமானி, கம்பத்தில் ஒரு சைரன், இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச். இது விளக்குப் போடுகிற சுவிட்ச் அல்ல. தட்டையான சப்பாத்துப் பெட்டி அளவில், முன்பக்கம் வரிசையாகக் கேபிள் கொழுவும் துளைகளோடு இருக்கும். மேல் பிரிவில் அதற்கு இந்த இரும்புக் கூண்டுதான் வீடு. அந்தப் பெட்டி உயிரோடு இருந்தால்தான் சைரனுக்கு வாய் திறக்கும். பதினொரு பெட்டிகளும் உயிரோடு இருக்கின்றனவா என்று பதுளைத் தலைமையலுவலகத்தில் ஒரு பெரிய திரை காட்டும். அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதுதான் ஜிப்னாவின் வேலை.

போன வியாழன் விடியற்காலை மூன்று மணிக்கு மேல் பிரிவில் மண் இறங்கி, கடைசி லயத்தில் இரண்டு குசினிகளை வழித்துக்கொண்டு போனது. சைரன் முணுமுணுக்கக்கூட இல்லை. மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு மழை நாளில் சரியாகத் தூங்காத மனுஷி வேலாயி. வீட்டுக்குப் பின்னால் ஓடும் கானில் தண்ணீர் திடீரென்று நின்றதைக் கவனித்து, மேலே மண் அசைந்து அடைத்துவிட்டது என்று புரிந்து, ஒரு தகரத் தட்டை எடுத்துத் தட்டி லயம் முழுக்க எழுப்பிவிட்டாள். யாரும் சாகவில்லை. பதுளைத் திரையில் அந்த நேரத்திலும் பச்சை.

முப்பத்தெட்டுக் குடும்பங்கள் அன்றிலிருந்து தோட்டப் பள்ளிக்கூடத்தில் இருந்தன. இன்று மாலை நான்கு மணிக்கு அவர்களை லயத்துக்குத் திருப்பி அனுப்பக் கம்பனி முடிவு செய்திருந்தது. அதற்கு ஒரு தாள் வேண்டும். “எச்சரிக்கை அமைப்பு பூரண இயங்கு நிலையில் உள்ளது” என்ற தாள். அதில் ஜிப்னா கையெழுத்துப் போடவேண்டும். போடாவிட்டால் அவளுடைய கதிரையில் போடுகிற ஒருவர் உட்காருவார். வானிலைக்காரர்கள் இன்று இரவுக்கு மழை சொல்லியிருந்தார்கள். அதனால்தான் அந்தப் பெண் நேற்று அழுதுகொண்டே பல் வைத்தியரின் படியேறி வந்தாள்.

“டீமேக்கர் ஐயா, இதைக் கொஞ்சம் தொறக்கலாமா?” என்று கேட்டாள் லூசியா.

“முடியாதுங்க. சாவி பதுளையில. சீல் வச்சிருக்கு பாருங்க. தொறப்பு விழா அன்னைக்குப் பூட்டுனதுதான்.”

“கரண்ட் போயும் எப்படி பச்சை காட்டுது?”

“உள்ள பெட்டரி இருக்குங்க. அரை மணித்தியாலம் தாங்கும்னு சொன்னாங்க.”

லூசியா போனை ஸ்பீக்கரில் போட்டாள். “ஜிப்னா, அந்தப் பெட்டி கடைசியா எப்ப நின்னு ஸ்டார்ட் ஆச்சுன்னு பாரும்மா.”

“பாத்துட்டேன் அக்கா. நிக்கவே இல்ல. நூத்தி நாப்பத்தி மூணு நாளா ஒரே ஓட்டம்.”

“ஐயா, போன வியாழன் கரண்ட் எவ்வளவு நேரம் இல்லாம இருந்துச்சு?”

ரஜீவ் விரல் விட்டு எண்ணினார். “புதன் ராத்திரி எட்டுக்குப் போனது. விடிய அஞ்சுக்குத்தான் வந்துச்சு.”

“ஒம்பது மணித்தியாலம்,” என்றான் சின்னராசா. “அரை மணி நேரப் பெட்டரியில ஒம்பது மணி நேரம் மூச்சுப் பிடிச்சிருக்கு. இதை மலையில வச்சிருக்கக்கூடாது மிஸ், கடல்ல முத்துக் குளிக்க அனுப்பணும்.”

லூசியா சிரிக்கவில்லை. “ஜிப்னா, பெட்டி தன் சூட்டையும் சொல்லுமே. எவ்வளவு?”

“நாப்பத்தி ஒண்ணு.”

லூசியா இரும்புக் கூண்டில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு சின்னராசாவையும் வைக்கச் சொன்னாள். மேட்டிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. ரஜீவ் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தார். கூண்டு ஐஸ் கட்டியாக இருந்தது.

“நாப்பத்தொண்ணா? எங்க அக்கா வீட்டு அடுப்பே இன்னைக்கு அவ்வளவு சூடு இல்ல,” என்றான் சின்னராசா.

லூசியா விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினாள். காலிப் பானையின் சத்தம் வந்தது. ரஜீவின் முகத்தில் முதல் தடவையாக உயிர் வந்தது.

“உடைச்சுப் பாத்துரலாமா மிஸ்?” என்றான் சின்னராசா.

“வேணாம் ராசாண்ணே. நாம உடைச்சா, நாமதான் எடுத்தோம்னு சொல்லுவாங்க.” அவள் முத்திரை தெரியப் படம் எடுத்தாள். பக்கத்தில் ரஜீவை நிற்கவைத்தும் ஒன்று எடுத்தாள். அவர் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டார்.

திரும்பும் வழியில் பள்ளிக்கூட வாசலில் ஆட்டோவை நிறுத்தினார்கள். வேலாயி பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். சட்டிபானை ஏற்கெனவே சாக்கில் ஏறியிருந்தது.

“நாலு மணிக்குப் போகச் சொல்லிட்டாங்கடா தம்பி. சைரன் நல்லா இருக்காம்.”

“யாரு சொன்னா?”

“பதுளையில ஏதோ பச்சையா எரியுதாம்.” அவள் முடிச்சை இழுத்து இறுக்கினாள். “அன்னைக்கு நான் முழிச்சிருந்தேன், தட்டுனேன். இன்னைக்குக் கண் அசந்துட்டேன்னா என்னடா பண்றது? எனக்கும் தூக்கம் வருமேடா.”

சின்னராசா அவளுடைய சாக்கை வாசலோரம் தூக்கி வைத்துவிட்டு ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணினான்.

பசறையில் ஒரு தேநீர்க் கடையில் ரொட்டியும் பிளேன்டீயும் வந்தன. லூசியாவின் போனுக்கு ஜிப்னா அனுப்பிய நீளமான பட்டியலும் வந்தது.

“மிஸ், எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. அந்தத் திரைக்கு எப்படித் தெரியும், பெட்டி உசிரோட இருக்குன்னு?”

“அதுக்கு ஒரு முறை இருக்கு. எஸ்.என்.எம்.பி.ன்னு பேரு. பேரு பெருசு, வேலை சின்னது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பதுளைக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு பெட்டியையும் பேர் சொல்லிக் கூப்பிடும். இருக்கியா, எத்தனை நாளா ஓடுற, சூடு எவ்வளவு. பதில் வந்தா பச்சை. வராட்டி சிவப்பு. இடையில ஏதாவது நடந்தா, யாராவது கேபிளைப் புடுங்கினா, பெட்டி தானாவே ஒரு சத்தம் போட்டுச் சொல்லும்.”

சின்னராசா ரொட்டியைக் கீழே வைத்தான். “இவ்வளவுதானா? இது பெரட்டு மிஸ்!”

பதுளை டவுனில் பிறந்த லூசியாவுக்குப் பெரட்டு என்றால் வெறும் சொல். சின்னராசாவுக்கு அது பிள்ளைக் காலம். விடிந்தும் விடியாமலும் பெரட்டுக்களத்தில் தோட்டமே வந்து நிற்கும். கணக்கப்பிள்ளை பேர் வாசிப்பார். குரல் கொடுத்தவருக்கு அன்றைக்கு வேலை உண்டு, கொடுக்காதவர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

“எங்க லயத்துல கருப்பம்மான்னு ஒரு அக்கா. அது ரெண்டு பேருக்குக் குரல் கொடுக்கும். தனக்கு ஒரு குரல். காய்ச்சல்ல கெடக்கிற மச்சாளுக்கு மூக்கால ஒரு குரல். மச்சாள் எட்டு மணிக்கு மேல குறுக்குப் பாதையில வந்து மலையில நிக்கும். கணக்கப்பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. அவரு பேர் எழுதின துண்டை விட்டுத் தலையைத் தூக்குனாத்தானே?”

லூசியாவின் கையில் இருந்த கோப்பை வாய்க்குப் போகாமல் நின்றது.

“ராசாண்ணே, இன்னொரு தடவை சொல்லுங்க.”

“மூக்கால குரல்...”

“அது இல்ல. கடைசியா சொன்னது.”

“கணக்கப்பிள்ளை தலையைத் தூக்கலைன்னு.”

“அதேதான். திரையும் தலையைத் தூக்கிப் பாக்காது. பேர் சொல்லிக் கூப்பிட்டுச்சு, பதில் வந்துச்சு, பச்சை போட்டுச்சு. அந்தப் பெட்டிக்கு ஊர் பேரை யாரு வைக்கிறா? நாமதான் தட்டி எழுதுறோம். மடுல்சீமை மேல் பிரிவுன்னு எழுதிட்டு அதைக் கொண்டுபோய்க் கொழும்புக் கடற்கரையில வச்சாலும், அது மடுல்சீமைன்னுதான் சொல்லும். தான் எங்க இருக்கோம்னு அதுக்குத் தெரியாது.”

“அப்ப பெட்டி வேற எங்கயோ உக்காந்துகிட்டு எங்க தோட்டத்துப் பேருக்குக் குரல் கொடுக்குது.”

“கரண்ட் போகாத இடத்துல. காத்தோட்டம் இல்லாத இடத்துல. அதான் சூடு.” லூசியா பட்டியலை விரலால் தள்ளினாள். “இது பெட்டி தானா போட்ட சத்தம். மூணாம் துளையில ஏதோ ஒண்ணுக்கு உயிர் வருது, போகுது. திங்கக்கிழமை ஒம்பது அஞ்சுக்கு வந்திருக்கு. பன்னெண்டரைக்குப் போயிருக்கு. ஒண்ணு நாப்பதுக்குத் திரும்ப வந்து நாலே காலுக்குப் போயிருக்கு. செவ்வாய், புதன், எல்லாம் ஏறக்குறைய அப்படித்தான்.”

“சனிக்கிழமை?”

“ஒண்ணும் இல்ல.”

“பௌர்ணமி போயா லீவு அன்னைக்கு?”

“அதுலயும் இல்ல.”

சின்னராசா மேசையில் தட்டினான். கடைக்காரர் இன்னொரு பிளேன்டீ என்று நினைத்து ஊற்ற ஆரம்பித்தார்.

“மிஸ், ஒம்பது மணிக்கு எங்க ஆளுங்க அரைக்கூடை கொழுந்து எடுத்திருப்பாங்க. சனிக்கிழமை வேலை உண்டு. ஒம்பது அஞ்சுக்கு வந்து, சோத்துக்கு ஒரு மணி பத்து நிமிஷம் எடுத்து, நாலே காலுக்குக் கிளம்புற ஆளு மடுல்சீமையில பொறக்கவே இல்ல. இது தேயிலை உத்தியோகம் இல்ல. நாற்காலி உத்தியோகம்.”

லூசியா ஜிப்னாவை அழைத்தாள். உங்கள் அலுவலகத்தில் ஒன்பது ஐந்துக்கு வந்து நாலேகாலுக்குப் போகிறவர் யார் என்று மட்டும் கேட்டாள்.

“எங்கட கண்காணிப்புப் பிரிவுத் தலைவர்தான் அக்கா. நிஷாந்த் சேர்.”

பதுளைக்கு வந்து சேரும்போது இரண்டே முக்கால். அந்தத் தாளில் கையெழுத்து வாங்கும் கூட்டம் மூன்று மணிக்கு; ஜிப்னா இருவரையும் உள்ளே கூட்டிப்போனாள்.

கூட்ட அறையின் சுவர் முழுக்கத் திரை. பதினொரு தோட்டப் பேர், பதினொரு பச்சை வட்டம். கீழே மேசையில் ஒரு வெள்ளிக் கிண்ணம். நூறு வீதம் தடையற்ற கண்காணிப்புக்காகக் கம்பனி தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட விருது. நிஷாந்த் வெளியாட்களைக் கண்டு முகம் சுளிப்பார் என்று லூசியா நினைத்திருந்தாள். அவர் சுளிக்கவில்லை. பார்க்க ஆள் வந்தால் திரையைக் காட்டாமல் விடுகிற மனிதர் அல்ல அவர்.

“நூத்தி நாப்பத்தி மூணு நாள்,” என்றார் நிஷாந்த். “ஒரு செக்கன் சிவப்பு இல்ல. இப்படி ஒரு திட்டம் இந்த மாகாணத்துலயே இல்லைங்க. ஜிப்னா, அந்தப் போர்மை எடுங்க. சைன் பண்ணிட்டா மூணரைக்கு ஃபெக்ஸ் பண்ணலாம்.”

ஜிப்னா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், பேனாவைத் தொடவில்லை.

“சேர்,” என்றாள் லூசியா பணிவாக, “திட்டத்தைப் பத்தி ஸ்லைட் ஏதாவது வச்சிருக்கீங்களா? பாக்க ஆசையா இருக்கு.”

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. நிஷாந்த் அதற்காக நூற்றி நாற்பத்து மூன்று நாள் காத்திருந்தார் என்பது அவர் எழுந்த வேகத்திலேயே தெரிந்தது. பக்கத்திலிருந்த தன் அறைக்குப் போய், லெப்டொப்பை அணைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

அவர் கதவுக்குள் கால் வைக்கவும் திரை “டிங்” என்றது. கீழே ஒரு மஞ்சள் வரி ஓடியது. மடுல்சீமை மேல் பிரிவு: மூன்றாம் துளை, இணைப்பு அறுந்தது.

“அடடா,” என்றான் சின்னராசா. “மடுல்சீமையில யாரோ எதையோ கழட்டிட்டாங்க போல.”

“அது... அப்பப்ப வரும்,” என்றார் நிஷாந்த்.

“சேர், லெப்டொப்பைத் திரும்பக் கொண்டுபோய்க் கொழுவிட்டு வாங்களேன்,” என்றாள் லூசியா.

“எதுக்குங்க?”

“சும்மா ஒரு ஆசை.”

ஆசைக்காக அல்ல, திரையைக் காப்பாற்றுகிற அவசரத்தில் அவர் போனார். அரை நிமிடத்தில் டிங். இணைப்பு வந்தது. அவர் வெறுங்கையோடு வந்து நின்றார். சின்னராசா நல்ல பிள்ளையாக எழுந்து, “நான் எடுத்துட்டு வாறேன் சேர்” என்று உள்ளே போனான். டிங். இணைப்பு அறுந்தது. உள்ளே இருந்தே அவன் குரல் கொடுத்தான். “மடுல்சீமை வரைக்கும் கேபிள் இழுத்திருக்காங்க மிஸ்! ஆனா இந்த அலுமாரியோட நிக்குது.”

நிஷாந்த் கதிரையில் உட்கார்ந்தார். வெள்ளிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“ரோடு மோசம்ங்க,” என்றார். “தொறப்பு விழா முடிஞ்சதும் பாதுகாப்புக்காகக் கழட்டிக் கொண்டாந்தோம்.”

“எதோட பாதுகாப்புக்கு?”

“பெட்டியோட பாதுகாப்புக்கு. இறக்குமதிச் சாமான். மழையில நனைஞ்சா என்ன ஆகும்? கழட்டுனதும் திரையில சிவப்பு வந்துருச்சு. கொழும்புல இருந்து தலைவர் போன் பண்ணி ஏன் சிவப்புன்னாரு. இங்கயே கொழுவினோம். பச்சையாச்சு. அவரும் பாராட்டினாரு.” சொல்லச் சொல்ல அவருக்குத் தைரியம் வந்தது. “சரி, ஒரு பெட்டி தப்பாப் போச்சு. அடுத்த கிழமை அனுப்பிடறேன். இதைப் பெருசு பண்ணாதீங்க.”

“மிஸ்,” என்று கூப்பிட்டான் சின்னராசா உள்ளேயிருந்து. அந்தக் குரலில் வேடிக்கை இல்லை. “கொஞ்சம் வாங்க.”

லூசியா போனாள், ஜிப்னாவும் பின்னால் ஓடினாள். காகிதாதிகள் என்று ஒட்டியிருந்த அலுமாரியை அவன் திறந்து வைத்திருந்தான். முகத்தில் அனல் அடித்தது. மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை, ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டையான பெட்டிகள். ஒவ்வொன்றிலும் துண்டுக் காகிதத்தில் ஒரு தோட்டத்தின் பேர். ஒவ்வொன்றும் சின்னப் பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

சின்னராசா எண்ணியிருந்தான். பதினொன்று.

லூசியா கதவைப் பிடித்துக்கொண்டாள். “நான் ஒரு பெட்டியோட சூட்டை மட்டும் கேட்டேன். பதினொண்ணையும் கேட்டிருந்தா, எல்லாம் நாப்பத்தொண்ணுன்னு காலையிலேயே தெரிஞ்சிருக்கும்.” அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. பதினொரு மலைச்சரிவுக்குக் கீழே எத்தனை லயம், எத்தனை பிள்ளைகள் என்று அவள் மனம் கணக்குப் போட மறுத்தது.

“மத்தப் பத்துத் தோட்டத்துல யாருமே பள்ளிக்கூடத்துக்குக்கூடப் போகல,” என்றாள் ஜிப்னா. “அங்க எல்லாரும் லயத்துலதான் ஈக்காங்க.”

“மனேஜர்மாருக்குப் போன் பண்ணு.”

“நான் சொன்னாக் கேக்க மாட்டாங்க அக்கா. திரை என்ன சொல்லுதோ அதுதான் அவங்களுக்குச் சட்டம். நிஷாந்த் சேர் போட்ட சுற்றறிக்கையே ஈக்கிது. பச்சைன்னா ஆளுங்க லயத்துல. சிவப்புன்னா உடனே பள்ளிக்கூடத்துக்கு ஏத்தணும். சிவப்பு வந்தா மனேஜர்மாருக்கும் கொழும்புத் தலைவருக்கும் கம்ப்யூட்டர் தானா செய்தி அனுப்பும்.”

சொல்லிவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள். அலுமாரிக்குப் பின்னால் சுவரில் ஒரே ஒரு பிளக். பதினொரு பெட்டிக்கும் அதுதான் உயிர்.

லூசியா அலுமாரியைப் படம் எடுத்து முடித்துவிட்டு நகர்ந்து நின்றாள். “நான் புடுங்கினா வெளியாள் பண்ணின நாசவேலை. நீ புடுங்கினா உன் வேலை. ஆனா அந்த வேலை போயிரலாம். யோசிச்சுக்க.”

ஜிப்னா யோசித்த மாதிரித் தெரியவில்லை. குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். பதினொரு பச்சைக் கண்ணும் ஒரே நேரத்தில் அணைந்தன.

“ஐயோ!” என்று வந்தார் நிஷாந்த். “கொழுவுங்க! அஞ்சு நிமிஷத்துக்குள்ள கொழுவிட்டா ஒண்ணும் தெரியாது!”

உண்மைதான். திரை அடுத்த தடவை பேர் கூப்பிடும்வரை பச்சையாகவே இருக்கும். சின்னராசா போய்ச் சுவரில் பிளக் துளையை மறைத்து முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

“தள்ளுங்க.”

“முடியாது சேர். நூத்தி நாப்பத்தி மூணு நாளா ஒரு பொம்பளை உங்க சைரனுக்குப் பதிலா முழிச்சிருக்கா. அது என் அக்கா. நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் முழிச்சிருங்க.”

“இப்பவே கொழுவினாத் தொண்ணூத்தொம்பது வீதமாவது மிஞ்சும்ங்க,” என்று கெஞ்சினார் நிஷாந்த். “இந்த அஞ்சு நிமிஷத்தை மட்டும் விட்டுருங்க.”

கூட்ட அறைக் கதவு வழியாகத் திரை தெரிந்தது. சின்னராசாவுக்கு முதுகு வியர்த்தது. ஒரு நிமிடம். இரண்டு. பச்சை, பச்சை, பச்சை. பிறந்ததிலிருந்து தேயிலையில் பார்த்துவந்த அந்த நிறத்தை அவன் அன்றுதான் வெறுத்தான்.

முதலில் மடுல்சீமை சிவந்தது. பிறகு மற்றவை மளமளவென்று விழுந்தன. திரையின் கீழே செய்தி அனுப்பப்பட்டது என்று பதினொரு வரி ஓடியது.

முதல் போன் இருபது செக்கனில் வந்தது. அப்புறம் நிற்கவே இல்லை. இவ்வளவு நாளும் மழைக்கு அசையாத மனேஜர்மார் ஒரு சிவப்பு வட்டத்துக்குத் துடித்தார்கள். என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை, லொறி போதுமா என்றுதான் கேட்டார்கள். ஜிப்னா ஒவ்வொருவருக்கும் ஒரே வசனத்தைச் சொன்னாள். “ஆமா சேர், சைரன் இல்ல. ஆளுங்கள ஏத்துங்க.” லூசியா இன்னொரு போனை எடுத்து அதையே சொன்னாள்.

சின்னராசா ஜன்னலோரம் போய் அக்காவுக்கு அடித்தான்.

“ஏத்துன சாமானை எறக்கச் சொல்லிட்டாங்கடா,” என்றாள் வேலாயி. “மனேஜர் தொரையே பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தாரு. என்னடா பண்ணினீங்க?”

“ஒண்ணும் பண்ணலக்கா. ஒரு பிளக்கைக் கழட்டினோம்.” வேடிக்கையாகச் சொல்ல நினைத்தான். முடியவில்லை. அவள் என்னடா என்னடா என்று கேட்டுக்கொண்டிருக்க, அவன் ஆட்டோக்காரர்கள் நிற்கிற ரோட்டைப் பார்த்து அழுதான்.

நிஷாந்தின் மேசையில் இருந்த தனிப் போன் அடித்தது. கொழும்பு. நிஷாந்த் அதைப் பார்த்தார், எடுக்கவில்லை. ஜிப்னா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“யாரது? பதினொண்ணும் சிவப்பாக் கெடக்குன்னு எனக்கு மெசேஜ் வருது!” என்று தலைவர் கத்தினார். “எவ்வளவு நேரத்துல பச்சையாக்கலாம்?”

ஜிப்னா இன்னும் கையெழுத்து விழாத தாளை எடுத்து, இயங்கு நிலையில் உள்ளது என்பதில் “உள்ளது” என்பதை அடித்து “இல்லை” என்று எழுதினாள். கீழே பேரைப் போட்டு, திகதி போட்டு, நேரமும் போட்டாள்.

“பெட்டி மலைக்குப் போய்ச் சேர்ந்தா பச்சையாகும் சேர்,” என்றாள். “அதுவரைக்கும் நான் இந்தக் கதிரையில இருந்தாலும், வேற யாரு இருந்தாலும், இது சிவப்புத்தான்.”